மிளகுத் தராசில் மூன்று மாதம்

நனைந்த சாக்கின் வாடை. போன வாரம் தோப்பும்படியில் பஸ் நின்றபோது, சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்த ஒருவர் மழையோடு ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்தார். சணலும் தண்ணீரும் சேர்ந்து புழுங்கும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாகப் போய்ச் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்தது. இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் பஸ்ஸில் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துதான் உட்காருவார். நகர்ந்தார்.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. எனக்கு முப்பத்திரண்டு. மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு மலைச்சரக்குக் கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்யும் குமாஸ்தா. மாடியில் நானும் என் இயந்திரமும். கீழே கிடங்கில் மிளகும் சுக்கும் மஞ்சளும். தும்மிக்கொண்டே வணிக ஆங்கிலம் எழுதக் கற்றவன் நான். அந்த வருஷம் என்னிலிருந்து யாரோ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக்கொண்டு போனார்கள். எழுபது கிலோவாக இருந்தவன் அறுபதானேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். குளியலறைக்கு எறும்புகள் வரிசையாக வரத் தொடங்கியதும் என் மனைவி சோதனைக்குழாயை எடுத்துவிட்டாள். அவள் ரசாயனத்தில் பட்டம் பெற்றவள். நீலக் கரைசல், என் சிறுநீர் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கு. கொதித்ததும் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகி நின்றது. பின்கட்டில் நின்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒரு சிவப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

படகேறி எறணாகுளம் போனோம். அங்கே டாக்டர் என் உணவை உறவினர்களைத் தள்ளிவைப்பது போலத் தள்ளிவைத்தார். அரிசி வேண்டாம். மரவள்ளிக் கப்பை வேண்டாம். நேந்திரம், சர்க்கரை, கிழங்கு, எதுவும் வாசற்படி ஏறக் கூடாது. காய், கீரை, மோர், தேங்காய், கடலை, முட்டை, மீன், ராத்திரி கோதம்புச் சப்பாத்தி ஒன்றோ இரண்டோ. கூடவே மாத்திரை. பிறகு மூலையிலிருந்த எடை இயந்திரத்தில் என்னை ஏற்றினார். அறுபது. என் உயரத்துக்கு அதுதான் சரி, அங்கேயே நிற்க வேண்டும் என்றார். ஏறினால் சர்க்கரை திரும்பும். இறங்கிக்கொண்டே போனால் மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை என்று பொருள். அப்படியானால் தினம் இரண்டு வேளை ஊசி. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஊசி என்ற சொல்லிலேயே எனக்குக் காது அடைத்தது. ஒருமுறை காலரா ஊசி வரிசையில், எனக்கு முன்னால் நின்றவருக்குக் குத்தியபோது நான் விழுந்தவன். எனக்கு நானே போட்டுக்கொள்வது நடக்காத காரியம். மனைவிதான் போட வேண்டும். காலையிலும் மாலையிலும், சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு நாள் தவறாமல்.

அங்கேதான் சிக்கல். மூன்று வருஷம் விண்ணப்பித்து, அந்த வருஷம்தான் அவளுக்குத் திருச்சூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம், விடுதியில் தங்கிப் படிப்பு. சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்ததும் சேர வேண்டும். என் எடை அறுபதில் நின்றால் அவள் போவாள். இறங்கினால் போக மாட்டாள். இதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. படகில் திரும்பும்போது கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள். அவ்வளவுதான்.

அரிசி இல்லாத பட்டர் வீடு, அதாவது கேரளத்துத் தமிழ் பிராமண வீடு, ஒரு விசித்திரமான இடம். சாம்பார் இருக்கிறது, ரசம் இருக்கிறது, ஊற்றிப் பிசைய ஒன்றும் இல்லை. மனைவி முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஆவியில் வேகவைத்து, இலையில் சோறு போலவே குவித்து, நடுவில் குழி செய்து ரசத்தை ஊற்றினாள். ரசம் நாலு பக்கமும் ஓடிற்று. சோறு பிடித்துக்கொள்வதை முட்டைக்கோஸ் பிடித்துக்கொள்வதில்லை. முதல் வாரம் நான் இலையைச் சுற்றி அணை கட்டுவதிலேயே கழித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து அதே முட்டைக்கோஸைத் தானும் சாப்பிட்டாள். தேங்காய் துருவும்போது துருவலகைப் பார்த்து உதடசைய எதையோ விளக்குவாள். பாடம் நடத்திப் பழகுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நான் நிலக்கடலை உரித்தேன்.

வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். அதற்கு எறணாகுளம் வரை எதற்குப் போக வேண்டும்? கீழே கிடங்கில், கொச்சியிலேயே நியாயமானது என்று பேர் வாங்கிய தராசு தொங்குகிறது. இரண்டு பக்கமும் சங்கிலியில் ஆடும் கனத்த பலகைகள். ஒன்றில் சரக்கு, ஒன்றில் இரும்புப் படிக்கல். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இறங்கிப் போய்ப் பலகையில் நானே ஏறி உட்கார்ந்தேன்.

கிடங்கு நின்றுவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் தூக்கிய மூட்டையோடு நின்றார்கள். மிளகு புடைக்கும் பெண்களின் முறங்கள் நின்றன. மூப்பர் வந்தார். சுமைகாரர்களுக்கெல்லாம் தலைவர், வெண்கலக் குரல், நரைத்த மீசை, தோளில் நாற்பது வருஷத் தழும்பு.

"சாமி இறங்கணும்" என்றார். "எங்க ஆளுங்க கை படாம இந்தத் தட்டுல ஒண்ணும் கேறாது."

நான் மூட்டை அல்ல என்றேன். தட்டில் ஏறினால் மூட்டைதான் என்றார். கூலி ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கூலி வேண்டா. முறை வேணும்."

அரைமணி நேரம் வேலை நின்றது. மாடியிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் முறை பற்றியது என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசியில் நான் இறங்கினேன். இரண்டு பேர் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவர் அக்குளிலும் ஒருவர் முழங்காலிலும் பிடித்து, வழக்கமான ஓசையோடு என்னைத் தூக்கிப் பலகையில் வைத்தார்கள். உட்கார மடித்த சாக்கு ஒன்று போட்டிருந்தது. மூப்பர் அருகே வந்து என் புஜத்தை இரண்டு விரலால் அழுத்தி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு நெகிழ்ந்துவிட்டது. பெற்ற அப்பா கூட என்னை அப்படித் தொட்டதில்லை.

"ஐம்பத்தொம்பது" என்று கூவினார். கிடங்கு முழுக்க ஐம்பத்தொம்பது, ஐம்பத்தொம்பது என்று எதிரொலித்தது. தூணில் கரியால் எழுதினார். மிளகு முந்நூறு மூட்டை. சுக்கு நாற்பது. சாமி ஒன்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் அப்படித்தான். ஒரு கிலோ வித்தியாசம், தராசுக்குத் தராசு இருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள். ஐம்பத்தொன்பதிலேயே மூன்று வாரம் நின்றேன். பின்கட்டில் சோதனைக்குழாய் பச்சைக்கு வந்து, ஒரு காலையில் சுத்த நீலமாகவே நின்றது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

பிறகு, வைகாசிப் பாதியில், இடவப்பாதி மழை பிடித்தது.

முதல் மழை பெய்த சனியன்று ஐம்பத்தெட்டு. அடுத்த வாரம் ஐம்பத்தேழரை. வைப்பின் தீவுக்கு அப்பால் கடல் கறுத்துக்கொண்டே வந்தது, நான் குறைந்துகொண்டே வந்தேன். மழை வலுத்த வாரம் ஒரு கிலோ போயிற்று. இரண்டு நாள் வெயில் அடித்த வாரம் அரை கிலோ திரும்பி வந்தது. ஒரு மனிதனின் உடம்பு ஏன் வானத்தைப் பார்த்து நடந்துகொள்கிறது என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டில் தேங்காய் இரண்டு மடங்காயிற்று. மோர் போய்த் தயிர் வந்தது. அவியலின் மேல் எண்ணெய் குளமாக நின்றது. நாழி நாழியாக நிலக்கடலை. நான் மாடியில் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு கடலை என்று கணக்கு வைத்து வாயில் போட்டேன், வாக்கியங்கள் நீண்டன. லண்டனிலுள்ள ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடிதங்கள் இப்போது மிகவும் விரிவாக இருப்பதாக எழுதினார்.

மூப்பருக்கும் மனசு கேட்கவில்லை. சாமி இளைக்கிறார் என்று அவர் வீட்டிலிருந்து அவித்த முட்டை வரத் தொடங்கியது, தினம் இரண்டு, வாழையிலையில் பொதிந்து. என் வம்சத்தில் யாரும் முட்டையைத் தொட்டதில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு, மஞ்சள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று விழுங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைத் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பினாள்.

"ஹைட்ரஜன் சல்ஃபைடு" என்றாள்.

முட்டை வாடை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எத்தனை?"

"ரெண்டு."

"மூணாச் சாப்பிடுங்கோ. வாயைக் கொப்பளிச்சுட்டு ஆத்துக்குள்ள வாங்கோ."

நான் மெலிந்துகொண்டிருந்தேன் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டை இறுகியது. மழைக்காலத்தில் துணி சுருங்கும் என்றாள் அவள். முகம் உப்பியது. ஈரக்காற்று, நீர் கோத்திருக்கிறது என்றேன் நான். பள்ளுருத்தியிலிருந்து வரும் எங்கள் கணக்கர் ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, சாமி நன்றாக இருக்கிறாரே, மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாரா என்று கேட்டார். அவர் என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அன்று மாலை மூன்றாவது பொத்தான் தெறித்து மைக்கூட்டுக்குள் விழுந்தது. நூல் இற்றுப்போயிருக்கும் என்று முடிவு செய்தேன். நாற்பது வருஷமாகத் தப்பாத தராசு ஐம்பத்தேழு என்கிறது. ஒரு பொத்தானின் பேச்சை யார் கேட்பார்கள்?

கர்க்கடகம், நம் ஆடி. கடைசிக்கு முந்திய வாரம். ஊரே மழைக்குள் இருந்தது. மூப்பர் என் புஜத்தை அழுத்தினார், வழக்கத்தை விட நீண்ட நேரம். தலையை ஆட்டிக்கொண்டார். கூவவில்லை, மெல்லச் சொன்னார். ஐம்பத்தாறு.

அந்த நிமிஷத்தைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. பலகையில் கால் ஆட உட்கார்ந்திருந்த எனக்குள், பயத்துக்கு அடியில், எறும்பு அளவுக்கு ஒரு சந்தோஷம் ஊர்ந்தது. அவள் போக மாட்டாள். அதை நசுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஆனால் ஊர்ந்தது.

வீட்டில் சொன்னேன். அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திருப்பினாள். மறுநாள் யாரிடமோ கேட்டுக் கண்ணாடிச் சிரிஞ்சு ஒன்று வாங்கி வந்தாள். கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, வெள்ளரிக்காய் ஒன்றைப் பலகையில் வைத்து, பஞ்சால் துடைத்து, சாய்த்துக் குத்திப் பழகினாள். கை நடுங்கவே இல்லை. வெள்ளரிக்காயும் அசையவில்லை. கதவோரம் நின்று பார்த்த நான்தான் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது அவள் விசிறிக்கொண்டிருந்தாள். குத்தின வெள்ளரிக்காயை அன்று மோரில் போட்டுப் பச்சடி செய்தாள். தண்ணீர்தான் ஏற்றினேன், சாப்பிடலாம் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை எறணாகுளம். திங்கட்கிழமை திருச்சூரில் சேர வேண்டிய கடைசி நாள். டாக்டர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். நீலம், நீலம், நீலம். புருவம் உயர்ந்தது. என்னை மூலை இயந்திரத்தில் ஏற்றினார்.

"அறுபத்திரண்டு" என்றார். "ரெண்டு கிலோ எதுக்குக் கூட்டினீர்?"

கூட்டவில்லை, நாலு கிலோ குறைந்திருக்கிறேன் என்றேன். அவர் இன்னொரு முறை பார்த்தார். அறுபத்திரண்டு. இயந்திரம் பழுது என்றேன். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். அவர் எடை அவருக்குத் தெரிந்த எடைதான். இது ஸ்பிரிங் வைத்த பொம்மை, நான் வருவது மிளகு நிறுக்கும் தராசிலிருந்து என்று விளக்கத் தொடங்கினேன். ஒரு நோயாளி தனக்கு நோய் முற்றிவிட்டது என்று டாக்டரிடம் வாதாடுவதை வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தச் சட்டைப் பொத்தானைப் போடும், பார்க்கலாம்."

போட்டேன். போடப் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தும் துணி எட்டவில்லை. என் மனைவி என் வயிற்றை, மூன்று மாதத்தில் முதல்முறையாக, ஒரு ரசாயனப் பட்டதாரியின் கண்ணால் பார்த்தாள்.

படகை விட்டு இறங்கியதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குடையை மடக்கிக்கொண்டு நேராகக் கிடங்குக்குள் நடந்தாள். மூப்பர் அவளைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதைக்குத் தழைத்துவிட்டார்.

"மூப்பரே, இவர் எடையை எப்படிச் சொல்றேள்?"

"சரக்குக்குச் சொல்ற மாதிரிதான், அம்மா."

"அப்படீன்னா?"

"சாக்குக்கு ஒண்ணு கழிக்கும். தூசிக்கு அரை. பின்னே ஈரம். அது கையால பிடிச்சு நோக்கித்தான். இடவத்துல ஒண்ணு, ஒண்ணரை. இப்போ கர்க்கடகம் அல்லே, நாலரை."

"ஆளுக்கு எதுக்கு ஈரம் கழிக்கணும்?"

மூப்பர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "மழையில நனைஞ்சு வர்றாரு. உணங்கின, காஞ்ச ஆள்னு எப்படிச் சொல்ல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த இரண்டு விரல் பாசம் எதற்கு என்று. மூட்டைக்குள் கைவிட்டு மிளகின் ஈரம் பார்ப்பது போல என் புஜத்தின் ஈரத்தைப் பார்த்திருக்கிறார். பத்து வருஷமாகக் கடிதம் தவறாமல் 'நெட் வெயிட்' என்று தட்டச்சு செய்கிறவன் நான்.

கழிக்காமல் ஒருமுறை சொல்லச் சொன்னாள். மூப்பர் தயங்கினார். கழிக்காத எடையை இந்த வாயால் சொன்னதில்லை என்றார். இன்றைக்கு மட்டும் என்றாள். என்னைத் தூக்கி வைத்தார்கள். படிக்கல் ஏறியது, பலகை சமமாயிற்று. கெட்ட வார்த்தை ஒன்றை உச்சரிப்பது போல, பக்கத்தில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, முனகினார். அறுபத்திரண்டு. யாரும் எதிரொலிக்கவில்லை.

மனைவி பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தாள். மிளகுத் தூசி மூக்கில் ஏறித் தும்மினாள், தும்மலுக்கு நடுவிலும் சிரித்தாள். முறம் புடைத்தவர்கள் சிரித்தார்கள். மூப்பர் மட்டும் என்னைக் கவலையோடு பார்த்து, நாளை முதல் முட்டை வேண்டாமா என்று கேட்டார்.

அன்று மத்தியானமே புடவைகள் அலமாரியிலிருந்து பெட்டிக்குத் திரும்பின. நான் மடித்துக் கொடுத்தேன், அவள் அடுக்கினாள்.

"அம்பத்தாறுன்னு கேட்டப்போ உங்களுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்ததா?" தலை நிமிராமல் கேட்டாள்.

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆமாம் என்றேன்.

அவள் ஒரு புடவையை எடுத்து, பிரித்து, மறுபடியும் அதே மடிப்பில் மடித்தாள். "நேக்கும்தான்" என்றாள். "புது ஊரு. பயமா இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை, ஐலண்ட் என்று நாங்கள் சொல்லும் துறைமுகத் தீவிலுள்ள ரயில் நிலையத்துக்குப் போனோம். வழி நெடுகக் கட்டளைகள். பூஜை லீவுக்கு அவள் வரும்போது அந்த இரண்டு கிலோ போயிருக்க வேண்டும். தயிர் போய் மோர் திரும்ப வேண்டும். கரைசல் எந்த அலமாரியில், எட்டுச் சொட்டு, ஒன்பதல்ல. சப்பாத்தி மாவு எவ்வளவு தண்ணீருக்கு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விசில் ஊதியது. வண்டி ஒரு முறை குலுங்கியது. அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "ஏன்னா, திரும்பிப் போறச்சே எங்கேயாவது ஒரு தோசை சாப்பிட்டுட்டுப் போங்கோ. ஒண்ணு" என்றாள்.

வண்டி நகர்ந்தது. நான் பக்கத்திலேயே நடந்தேன்.

"நெய் ரோஸ்டா?"

"சாதா."